ஐந்தாவது யூனிட்டில் ஆப்பிரிக்கா

இன்று காலை திருப்பதி பஸ் பூதலப்பட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக மாம்பழக் கூழின் வாசனை உள்ளே வந்தது. சீசன் தொடங்கிவிட்டது. ஃபேக்டரி வாசலில் காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஓட்டிவந்தவர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். வெந்த பழமும் அழுகின தோலும் டீசலும் கலந்த அந்த வாசனையை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளும் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். கல்லூரி நாட்களில் ஜூன், ஜூலை முழுக்க உன் துப்பட்டாவில் இந்த வாசனைதான் இருக்கும். சோப்புப் போட்டும் போகாது என்று நீ அலுத்துக்கொள்வாய்.

இன்று திருப்பதியில் பாடத்திட்டக் குழுக் கூட்டம். நான் அங்கே ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராக இருப்பதும், இரண்டு வருடமாக அந்தக் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி இருப்பதும் உனக்குத் தெரியும். பி.ஏ. வரலாற்றில் உலக வரலாறு என்று ஒரு தாள். அதில் ஐந்து யூனிட். செமஸ்டர் குறுகிவிட்டதால் இனி நான்குதான் என்று மேலிடத்து உத்தரவு. கடைசி யூனிட்டை எடுத்துவிடலாம், பிரச்சினை முடிந்தது என்று வாட்ஸ்அப் குழுவிலேயே பேசி முடித்துவிட்டார்கள். கடைசி யூனிட் எது என்று உனக்குச் சொல்லவேண்டுமா? ஆப்பிரிக்காதான். இன்று நான் பேசாவிட்டால் இந்த வட்டாரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கண்டம் தேர்வுத்தாளில்கூட இருக்காது.

இப்படி ஒரு நாளில் பஸ் ஏறும்போது உனக்குத்தான் போன் செய்வேன். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, உன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. பழக்கத்தில் விரல் அங்கே போய் நின்றது. அதனால்தான் இந்த மடல். பஸ்ஸில் மனதுக்குள் பேசத் தொடங்கியதை, எல்லாம் முடிந்து சித்தூருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கா நமக்கு வந்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சித்தூரில் நாம் மூன்றாம் ஆண்டு படித்தபோது இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஸ்டடி ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். கோயில் கல்வெட்டு, பாளையக்காரர்கள், சந்திரகிரிக் கோட்டை எல்லாவற்றையும் முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடிபாலாவிலிருந்து வரும் உன் பஸ் அன்றைக்கும் தாமதம். நீ வந்து சேர்ந்தபோது பலகையில் மிச்சம் எதுவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், நாங்க ஆப்பிரிக்கா எடுத்துக்கிறோம்" என்றாய். நமக்கு வழிகாட்டியாக இருந்த சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். "ஆப்பிரிக்கா எந்துகம்மா? மன சித்தூர்லோ டாபிக் லேதா?" என்று கேட்டார். சித்தூரில் தலைப்புக்கா பஞ்சம் என்று அவருக்கு நியாயமான வருத்தம். நானும் உன் காலை மிதித்தேன். நீ காலை நகர்த்திக்கொண்டாயே தவிர வாயை மூடவில்லை.

வெளியே வந்ததும் உன்னைத் திட்டினேன். அப்போதுதான் சொன்னாய். முந்தின வருட சீசனில் கூழ் ஃபேக்டரியில் பேரல்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போயிருக்கிறாய். மொம்பாசா, தார் எஸ் சலாம் என்று துறைமுகப் பெயர்களை நாள் முழுக்க ஒட்டியிருக்கிறாய்.

"அந்த ஊரு எங்க கீதுன்னு சூப்பர்வைசர கேட்டேன். ஆப்பிரிக்கான்னாரு. அங்க இன்னா இருந்துச்சு, யாரு ஆண்டாங்கன்னு கேட்டேன். லேபிள் கோணலா கீது, நேரா ஒட்டுன்னாரு. நாம ஹிஸ்டரி படிக்கிற பொண்ணுங்கதானே, நமக்கே தெரியலியேடி. வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கமாக இல்லை. பசிதான் இருந்தது. ஆனால் உன்னோடு சேர்ந்தாயிற்று, இனி வேறு வழியில்லை. ஆப்பிரிக்க வரலாற்றையே எழுத நாம் யார் என்று யோசித்து, கடைசியில் சார்தான் ஒரு பாதை காட்டினார். நம் பக்கத்துக் கல்லூரிகளின் பாடத்திட்டங்களில் ஆப்பிரிக்காவுக்கு என்ன இடம் இருக்கிறது என்று பாருங்கள், அது உங்களால் முடியும் என்றார். நல்ல மனிதர். தலைப்பைச் சுருக்கியதோடு மற்றக் கல்லூரிகளில் காட்டக் கடிதமும் கொடுத்தார்.

பிறகு நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. திருப்பதி, குப்பம், எல்லை தாண்டி வேலூர் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பாடத்திட்டத்தை வாங்கினோம். அலுவலகத்தில் தெலுங்கில் கேட்டால் ஒரு முகம், தமிழில் கேட்டால் இன்னொரு முகம் என்று நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய். முகத்தைப் பார்த்து மொழியை மாற்றுவாய். வாங்கியதைப் பஸ்ஸிலேயே படிக்கத் தொடங்குவாய், அதுவும் பின்னாலிருந்து. நீ எதையும் முதல் பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. வாரப் பத்திரிகையைக்கூடக் கடைசிப் பக்கத்தில்தான் திறப்பாய். "மொதல் பக்கம் ஊருக்கு காட்டறது. கடைசி பக்கத்துலதான் தள்ளி வெச்சதெல்லாம் இருக்கும்" என்பாய். பாடத்திட்டத்துக்கு அது அப்படியே பொருந்தியது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆப்பிரிக்கா இருந்தது. இருந்த இடம் கடைசி யூனிட்.

அந்தக் கடைசி யூனிட்டிலும் ஐரோப்பியர்கள் கண்டத்தைப் பங்கு போட்டது இருக்கும், அடிமை வியாபாரம் இருக்கும், இனவெறி ஆட்சி இருக்கும், விடுதலை இருக்கும். அவர்கள் வருவதற்கு முன் அங்கே யாராவது குடியிருந்தார்களா என்றே சந்தேகம் வரும். நீ ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து, "இதுல அந்த ஊர்க்காரன் ஒருத்தன் பேரு சொல்லு பாக்கலாம்" என்று என்னைக் கேட்பாய். நான் தேடுவேன். தேடித் தேடி ஒரே ஒரு தலைவரின் பெயரைச் சொல்வேன். "அவர விட்டுட்டு" என்பாய். அவரை விட்டால் எனக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

குப்பத்தில்தான் நமக்கு உண்மையான செய்தி கிடைத்தது. அங்கே ஒரு பாடத்திட்டம் நன்றாகவே இருந்தது. பழைய அரசுகள், கடற்கரை நகரங்கள் என்று தனித் தலைப்புகள். நான் மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டு கிளம்பலாம் என்றேன். நீ கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாய். பக்கத்து மேஜையில் வரலாறு படிக்கும் ஒரு பெண், நம்மைவிட ஒரு வகுப்பு கீழே. கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். ஆப்பிரிக்காவில் என்ன படித்தாய் என்று நீ கேட்டதும் விழித்தாள்.

"அஞ்சாவது யூனிட்டாக்கா? அத யாரும் நடத்த மாட்டாங்க. அதுக்குள்ள லீவு வந்துடும். நாங்களும் சாய்ஸ்ல விட்டுடுவோம்."

காகிதத்தில் இருப்பது வேறு, வகுப்பறைக்கு வந்து சேர்வது வேறு என்று நமக்கு அந்தப் பெண் சொன்ன பிறகுதான் உறைத்தது. அதன்பின் எல்லாக் கல்லூரியிலும் பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டோம். எல்லா இடத்திலும் அதே பதில்தான் வந்தது. ஆசிரியர்களைக் கேட்டால், நேரம் போதவில்லை என்றார்கள். நேரமின்மை என்ற சொல்லை நீ சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்தாய். அதுதான் நம் ப்ராஜெக்டின் முதுகெலும்பு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாடத்திட்டம் போக மிச்ச நேரத்தில் நான் வேறு ஒன்றில் விழுந்துகிடந்தேன். என் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போனவர், திரும்பி வரவில்லை. சித்தூரிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் அப்படிப் போன குடும்பங்கள் நிறைய. அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன். சார் படித்துவிட்டு, இதுதான் உள்ளூர்த் தொடர்பு, பேஷ் என்றார். நீ மட்டும் முகத்தைச் சுளித்தாய்.

"நல்லாத்தான் கீது. ஆனா இது நம்ம கதைடி. அந்த நாட்டுக்காரங்க இதுல வேடிக்க பாத்துகினு நிக்கிறாங்க. அவங்க கதை எங்க?"

"கடைசி அத்தியாயத்துல வருது" என்றேன். அப்போது நம் இருவருக்குமே அதில் எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது ஜெராக்ஸ் கடையில். ப்ராஜெக்டைப் பிரதி எடுத்து ஸ்பைரல் போடக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். மறுநாள் கடைசித் தேதி. கடைக்கார அண்ணன் முதல் பிரதிக்குத் துளை போட்டு முடித்திருந்தார். நீ வழக்கம்போல இன்னொரு பிரதியை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினாய். கடைசி அத்தியாயம், ஆப்பிரிக்காவின் சொந்த வரலாறு. ஒரே ஒரு பக்கம். அதற்கும் அடியில் நம் கையாலேயே எழுதியிருந்தோம்: நேரமின்மையால் இப்பகுதி சுருக்கப்பட்டுள்ளது.

நீ அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். "இன்னா பண்ணி வெச்சிகீறோம் பாரு."

நான் பார்த்தேன். ஐரோப்பியர் வந்தது முன்னால். நம் ஆட்கள் கப்பலேறியது அதற்கடுத்து. ஊர் ஊராகப் பாடத்திட்டங்களைக் குறை சொன்னது அதற்கும் அடுத்து, பக்கம் பக்கமாக. ஆப்பிரிக்காவை விட்டுவிட்டார்கள் என்று ஊரையெல்லாம் குற்றம் சொன்ன புத்தகத்தில், ஆப்பிரிக்காவை நாமே கடைசியில் வைத்து, நாமே நேரமில்லை என்று விட்டிருந்தோம். யாரும் நம்மிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. படித்துப் படித்து அந்த வரிசை நம் கைக்கே பழகிவிட்டிருந்தது.

"அண்ணா, மெசின நிறுத்துங்க" என்றாய்.

"பாதி துளை போட்டாச்சேம்மா" என்றார் அவர்.

"போட்டது இருக்கட்டும். மீதிய போடாதீங்க."

நாளைக்குக் கடைசித் தேதி, இப்படியே கொடுத்துவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கெஞ்சினேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் பிரச்சினையே என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு நடந்தாய். சாருக்கு நல்ல கோபம். மதிப்பெண் குறையும் என்றார். திருப்பதியில் மாணவர் கருத்தரங்கு நடக்கிறது, அதில் நம் கல்லூரி சார்பில் உங்களைத்தான் அனுப்புவதாக இருந்தேன், அதுவும் போகும் என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய், ஆனால் கட்டை அவர் மேஜையில் வைக்கவில்லை. கடைசியில் அவர் கையை விரித்து, "சரே, மீ இஷ்டம்" என்றார். உங்கள் இஷ்டம் என்றவர், கருத்தரங்கு வரைக்கும் தவணையும் கொடுத்தார்.

அந்தச் சில நாட்கள் உங்கள் வீட்டில்தான் இருந்தோம். என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பிலேயே சந்தோஷமான படிப்பு அதுதான் என்று அடித்துச் சொல்வேன். நூலகத்தில் யாரும் எடுக்காத தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, உன் போனில் இறக்கிய கட்டுரைகள், நிலவரைபடம். கிழக்குக் கரையில் பவளக்கல்லால் வீடு கட்டி வாழ்ந்த கில்வா வியாபாரிகள். பாலைவனத்து ஓரத்தில் ஏடுகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்த திம்புக்து. சாந்து இல்லாமல் கல் மேல் கல் அடுக்கி ஜிம்பாப்வேயில் எழுப்பிய மதில். நம் பக்கத்துக் கண்ணாடி மணிகள் கடல் தாண்டி அங்கே போயிருந்ததைப் படித்ததும் நான் துள்ளினேன். "மறுபடியும் நம்ம மணியா? அத அடிக்குறிப்புல போடு" என்றாய்.

உன் நைனா டிராக்டரை ஃபேக்டரி வரிசையில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தவர், கை கழுவிக்கொண்டே கேட்டார். "அந்த ஊர்ல மாமரம் கீதாம்மா?"

"கீது நைனா. இந்தப் பக்கத்துலேர்ந்துதான் கப்பல்ல போச்சுன்னு எழுதிக்கீறாங்க."

"அப்ப அவங்களும் ஃபேக்டரி வாசல்ல காத்துகினு கெடப்பாங்க, பாவம்" என்றார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

ஆப்பிரிக்காவை முதல் அத்தியாயமாக வைத்தோம். மற்றவற்றைப் பின்னால் தள்ளினோம். என் நேட்டால் அத்தியாயத்தைப் பாதியாக வெட்டினாய். எனக்கு வலித்தது, வாய்விட்டே சொன்னேன். "வலிக்கட்டும், வெட்டினது நானு, திட்டிக்கோ" என்றாய்.

திருப்பதிக் கருத்தரங்கு அன்று தலைமை விருந்தினர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் முடித்தபோது எல்லாக் குழுக்களுக்கும் நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். நம் முறை வருவதற்குள் நான் உன் காதில் சொன்னேன், கண்டுபிடிப்பு முழுக்கப் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கு, இல்லாவிட்டால் பரிசு போகும் என்று. நீ மேடை ஏறி முதல் பக்கத்தைத் திறந்தாய். கில்வாவைப் பற்றிப் படித்தாய். திம்புக்துவைப் பற்றிப் படித்தாய். அரங்கம் முதலில் சலசலத்தது, பிறகு மெல்ல அடங்கியது. ஜிம்பாப்வே மதிலுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

நடுவராக இருந்த அம்மையார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, உங்கள் ஆய்வின் முடிவுகளை நீங்கள் சொல்லவே இல்லையே என்றார். நீ தெலுங்கில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதுகிறேன். "நேரம் குறைஞ்சா கடைசியில இருக்கிறதுதான் போவும் மேடம். இத்தன நாளா ஆப்பிரிக்கா போய்கினு இருந்துச்சு. இன்னிக்கு நாங்க போனோம். அதுதான் எங்க முடிவு."

அரங்கில் யாரோ கைதட்டினார்கள். அம்மையார் சிரித்தார், எதையோ குறித்துக்கொண்டார். பரிசு நமக்கு வரவில்லை. பஸ் நிலையத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நீ இரண்டு பொட்டலம் தக்காளிச் சாதம் வாங்கி வந்து ஒன்றை என் மடியில் வைத்தாய். "மொதல்ல துன்னு, அப்பால அழு" என்றாய். சாப்பிட்ட பிறகு அழுகை வரவில்லை. சந்திரகிரி வரும்போது நீ தூங்கிவிட்டாய், என் தோளில் வாயைத் திறந்துகொண்டு.

அதன்பின் நான் எம்.ஏ., பிஎச்.டி. என்று போனேன். நீ பி.எட். முடித்துச் சத்தியவேடு பக்கத்துப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சரானாய். நேட்டாலுக்குப் போன நம் ஆட்களைப் பற்றித்தான் என் ஆய்வேடு என்று சொன்னபோது, "வெட்டினத ஒட்ட வெச்சுட்டியா" என்று கேலி செய்தாய். வருடா வருடம் பள்ளி திறந்த அன்று சாயங்காலம் உன் போன் வரும். நலம் விசாரிக்கமாட்டாய். "மொதல் க்ளாஸ்ல இன்னா எடுத்தே?" என்பதுதான் கேள்வி. நீ உன் பிள்ளைகளுக்கு முதல் நாளே உலக வரைபடத்தைத் தரையில் விரித்து ஆப்பிரிக்காவைச் சுற்றி உட்காரவைப்பாய். தேர்வுக்கு வராததை எதற்கு எடுக்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால், மழைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினோம் சார் என்பாயாம்.

போன வருடம் மஞ்சள் காமாலை என்றுதான் ஆரம்பித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் கல்லீரல் முழுக்கப் போய்விட்டது என்று தெரிந்தது. நான் வந்து பார்த்த அன்று உன் கை மஞ்சளாக, மெலிந்து கிடந்தது. நான் எதைப் பேசுவது என்று தெரியாமல் பாடத்திட்டக் குழுவைப் பற்றிப் புலம்பினேன். அங்கே என் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய். "கூச்சப்படாம பேசு. நீ பேசினா கேக்க வேண்டியதுதான், வேற இன்னா பண்ணுவாங்க?" என்றாய். அடுத்த வாரம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரத்துக்கு நீ காத்திருக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாதி வகுப்பில் எழுந்து போவது உன் வழக்கமே கிடையாதே. இப்போதும் சில நாள் அந்தக் கோபம் வருகிறது, வந்து போகிறது. உன்னை நினைக்காத நாள்தான் வருவதில்லை.

இனி இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஐந்தாவது யூனிட்டை எடுத்துவிடுவோம், எல்லாருக்கும் சம்மதம்தானே என்றார். அதை யாரும் நடத்துவதே இல்லை, இருந்தால் என்ன, போனால் என்ன என்றார் பக்கத்தில் இருந்த சீனியர் பேராசிரியை. நான் கையைத் தூக்கினேன்.

"யாரும் நடத்தாததுக்குக் காரணம் அது கடைசியில இருக்கிறதுதான் சார். ஜூலையில எல்லாரும் கிளாசுக்கு வர்றாங்க, எல்லாரும் பாடம் எடுக்கிறாங்க. அத முதல் யூனிட்டா வைங்க."

"முதல்ல வெச்சா மட்டும் எடுத்துடுவாங்களாம்மா?"

"முதல் யூனிட்ட எடுக்காம ரெண்டாவதுக்குப் போன வாத்தியார் இன்னும் பொறக்கல சார்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் கணக்கு நேராகவில்லை. ஆப்பிரிக்கா முன்னால் வந்தால் வேறொன்று போகவேண்டும். எது என்று என்னையே கேட்டார். பிரெஞ்சுப் புரட்சியையும் தொழிற்புரட்சியையும் தொட விடமாட்டார்கள், உலகப் போர்களையும் தொட விடமாட்டார்கள். மீதி இருந்தது நான்காவது யூனிட். இந்த மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போனவர்களின் வரலாறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே அறையில் வாதாடி நான் சேர்த்தது. என் ஆய்வேட்டின் சாரம் அதில் இருக்கிறது. வருடா வருடம் அதை நடத்தும்போது என் தாத்தாவின் சித்தப்பா கப்பல் ஏறுவார்.

"நாலாவத எடுத்துடுங்க" என்றேன்.

சீனியர் பேராசிரியை என் பக்கம் திரும்பி, "மேடம், அது உங்க யூனிட்டு" என்றார், நான் மறந்துவிட்டேனோ என்று நினைத்தவர்போல. தெரியும் என்றேன். வேறொரு தாளில் அதற்கு இடம் கேட்டு வாங்கிக்கொள்வேன், அதற்காக வாதாட நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்காக வாதாட இந்த அறையில் இன்று வேறு ஆள் இல்லை என்றும் சொன்னேன். தலைவர் எழுதிக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. தேநீர் வந்தது. எனக்கு வலிக்கத்தான் செய்தது, அதை மறைக்கவில்லை. இந்த முறை வெட்டினது நானேதான், ஆனாலும் திட்டுவதற்கு உன்னைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குப்பம் பக்கத்து ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கும் சார். எனக்கு முன்பின் தெரியாதவர். செய்தி அதற்குள் குழுக்களில் சுற்றியிருக்கிறது. ஆளிடம் பதற்றம் தெரிந்தது.

"மேடம், ஆப்பிரிக்கா முதல் யூனிட்டாமே. நான் இத்தன வருஷத்துல ஒரு தடவகூட எடுத்ததில்ல. எனக்கே ஒண்ணும் தெரியாது. காலேஜ் தொறந்ததும் கிளாசுல போய் நிக்கணும். படிக்காம எப்படி மேடம் போறது? கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

இத்தனை வருடங்களாக நேரமில்லை என்ற பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு ஆசிரியர் கேட்டு இன்றுதான் கேட்கிறேன். இந்த போன் உனக்கு வந்திருக்க வேண்டும். நீ எடுத்துப் பேசியிருக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தீராது.

"சொல்றேன் சார். பேப்பர் பேனா எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் எடுத்துக்கொண்டு வரும் வரை காத்திருந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அங்கே இருந்தவர்கள் என்று சொல்லிவிட்டு, ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன்.